கேரவனுக்குள் கரித் தணலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கேரவனில் நீலகிரிக்குப் போய்வருவது பற்றிய கட்டுரையில், இரவுக் குளிருக்கு இரும்புச் சட்டியில் கரித் தணலை வண்டிக்குள் வைத்துக்கொண்டு கதவை அடைத்துத் தூங்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இதை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள்? மலை விடுதிகளில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

புகை அடங்கிய தணல்தான் ஆளை ஏமாற்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கேரவனின் உள்ளிடமோ பத்துக்குப் பத்து அறையைவிடச் சிறியது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தமும் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்; மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. முதலில் தலை கனக்கும், கொட்டாவி வரும்; பயண அலுப்பு என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வார்கள்.

கேரவன் கட்டும் தொழிலில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். சென்னையில் கட்டும் வண்டிகள் பெரும்பாலும் ஏசியை நினைத்துக் கட்டியவை. மலைக்குளிருக்கு வேண்டுமானால், எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளும் டீசல் ஹீட்டர் பொருத்த வேண்டும். கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். ஹீட்டர் இல்லையென்றால் கம்பளி, வெந்நீர்ப் பை, கூரை ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி போதும். இடைவெளி விடாவிட்டால் மூச்சு ஈரமே விடிவதற்குள் தகரத்தில் முத்து முத்தாகக் கோத்து மெத்தையில் சொட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்பக்கம் திறந்த துளை இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அதையும் துணி வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய பியூட்டேன் கேன் அடுப்பு பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது அணைந்து அணைந்து எரியும். அதைச் சூடாக்க நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழான குளிரில் சார்ஜ் போட்டால் செல் கெட்டுவிடும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை. ஏரிக்கரைப் பள்ளத்தில் நிறுத்தினால் காட்சி அழகு என்று மட்டும் இருக்கிறது. குளிர்ந்த காற்று சரிந்து வந்து தேங்குவதும், உறைபனி முதலில் விழுவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் வண்டியை நிறுத்தி இரவு தங்கலாமாம். வரையாட்டுக்காகக் காக்கப்படும் 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாத இடம். முன்பொரு முறை மூணாறு பக்கம் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் பிப்ரவரியில் போகச் சொன்னீர்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பூங்காவை மூடும் மாதம் அது. அதற்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் இறங்கும்படி வரைபடமே போட்டீர்கள். 2018-ல் சென்னையிலிருந்து போன கார் அங்கே உருண்டு ஐந்து பேர் இறந்தார்களே, அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை இருப்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லையா? தண்ணீரும் சாமானும் ஏற்றிய கேரவன் எந்த மலையில் இறங்கினாலும் இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது பிடிக்காமல் போகும். நீலகிரிக்குள் நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றிக்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

உங்கள் இதழை நம்பி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு முன் வரும் இதழில், பயணப் பக்கத்திலேயே, கரித் தணல் யோசனை தவறு என்று கட்டம் கட்டிப் போடுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாடி, சென்னை.