நல்ல துரை போதாது, தம்பி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்துவேன், அப்பா வந்து போனைப் பிடுங்கி மெல்பர்னில் குளிரா என்று கேட்பார். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வாட்சப்பில் நீ போட்டதைப் படித்தேன். "தேர்தல், கட்சி, கூட்டணி எல்லாம் வெறும் கூத்து. நேர்மையான, கெட்டிக்கார ஆள் ஒருவரிடம் நாட்டை இருபது வருடம் ஒப்படைத்தால் போதும். இனிமேல் நான் ஓட்டுப் போடப் போவதில்லை." உன் மாமா பையன்கள் அத்தனை பேரும் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அவர்களை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

உனக்குக் கோபம் வருவது நியாயம்தான். 2018 மே 9, நீ வரிசையில் நின்று போட்ட முதல் ஓட்டு. சுதந்திரம் வாங்கியதிலிருந்து 61 வருடமாக ஆண்ட கூட்டணி அன்றைக்கு விழுந்தது. நம் தாமான் குடியிருப்பில் விடிய விடிய யாரும் தூங்கவில்லை. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரியில் எம்பிக்கள் பக்கம் மாறியே ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்த தேர்தல் வருவதற்குள் மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். 2022இல் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கில் இகான் தொகுதியில் 30 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஆளுக்கொரு நாற்காலி. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவன் வெறுத்துப் போனால் அவனை நான் திட்டமாட்டேன்.

ஆனால் நீ கேட்கிற அந்தக் கெட்டிக்கார ஆளின் ஆட்சியில் நான் வாழ்ந்திருக்கிறேன். அவருக்குப் பெரிய துரை என்று பெயர், நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் மேலாளர்.

தோட்டத்துக் கதை என்றாலே உனக்குக் கொட்டாவி வரும். பரவாயில்லை, படி. விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. மேஸ்திரியான மண்டோர் பெயர் கூப்பிடுவார், தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டப் போவார்கள், என் தம்பி ஆயாக்கொட்டகையில் கிடப்பான். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துச் சாக்கடையில் ஒரு நாள் தண்ணீர் தேங்கி நான் பார்த்ததில்லை. வருடம் தவறாமல் வெள்ளையடிப்பார்கள். கோயில் திருவிழாவுக்குத் துரை பணம் கொடுப்பார், முதல் மாலை அவருக்குத்தான். நான் சிறுமியாக இருந்தபோது இருந்த துரை உண்மையிலேயே நல்ல மனிதர். ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்து தோட்டத்து மருத்துவ உதவியாளர் டிரெசர் கையை விரித்துவிட்டபோது, அவரே லேண்ட்ரோவரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்றைக்கும் அந்த அக்கா அவரை வாயார வாழ்த்தும்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தார். தாத்தா அப்போது நாலு மாடு வைத்திருந்தார். என் பள்ளிக்கூடச் செலவு, உன் பெரிய மாமாவின் சைக்கிள், எல்லாம் அந்தப் பாலில் வந்ததுதான். புதுச் செம்பனைக் கன்றுகளை மாடு மேய்கிறது, ஒரு மாதத்துக்குள் அத்தனையும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று தோட்டத்து எழுத்தர் கிராணி வந்து சொன்னார். தாத்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பங்களாப் படிக்கட்டுக்குக் கீழே காலையிலிருந்து நின்றார். படியில் ஏறக் கூடாது. மத்தியானம் சமையல்காரர் வந்து, துரை இன்றைக்குப் பார்க்கமாட்டாராம் என்றார். மாடுகள் பாதி விலைக்குப் போயின. வெள்ளச்சி என்று ஒரு பசு, லாரியில் ஏறவே மறுத்தது.

பழைய துரை இரக்கப்பட்டு விட்டு வைத்ததைப் புதுத் துரை ஒரு வார்த்தையில் எடுத்துவிட்டார். விட்டு வைத்தபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. சில வருடங்கள் கழித்துத் தோட்டமே கைமாறியது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. முப்பது வருடம் இருந்த வீட்டில் ஓர் ஆணிகூட எங்களுடையது இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே அரசாங்கம் கிராமத்துக்குக் கிராமம் ரோடு போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அந்தத் திட்டங்கள் எல்லாம் வாசல் கேட்டோடு நின்றுவிட்டன.

ஆகவே நல்லவர் கிடைப்பாரா என்பது என் கேள்வி இல்லை. கிடைப்பார், நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு அடுத்து யார் வருவார், அவர் சரியில்லை என்றால் யார் போகச் சொல்வது? ஹங்கேரியில் 2010இல் ஓர்பான் ஓட்டு வாங்கித்தான் பிரதமராக வந்தார். மூன்றில் இரண்டு பங்கு பலத்தை வைத்துக்கொண்டு அரசியல் சட்டத்தையும் தேர்தல் விதிகளையும் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார், பத்திரிகைகள் பல அவருக்கு வேண்டியவர்கள் கைக்குப் போயின. டாங்கி எதுவும் தெருவுக்கு வரவில்லை. இப்போது ஜனநாயகம் தேய்வது பெரும்பாலும் இப்படித்தான், கோப்பும் கையெழுத்துமாக.

உன் கொள்ளுப்பாட்டி சாகும்வரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டைதான், வைத்திருந்தார். குடியுரிமைக்கு எழுதிப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, எங்கள் லயத்திலேயே பல குடும்பங்கள் பிறந்த மண்ணைவிட்டுக் கப்பலேறிவிட்டன. ஓட்டுக்காக யாரும் அழவில்லை, வேலைக்காகத்தான் அழுதார்கள். ஓட்டு இருந்திருந்தால் வேலையும் இருந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

தாத்தா அவர் பாணியில் ஒரு பாடம் படித்திருந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960இல், நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி பணம் கட்டி, எல்லோருமாகச் சேர்ந்து தோட்டம் வாங்குவது. பாட்டி திட்டத் திட்டத் தாத்தா கட்டினார். துரை முன்னால் வாய் திறக்காத மனுஷன், சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்த அன்று மட்டும் வீட்டில் சத்தமாகப் பேசுவார். யார் கணக்கைச் சரியாகச் சொன்னான், யார் மழுப்பினான் என்று ராத்திரிவரை ஓடும்.

சரி, தேர்தல் கூத்து என்றாயே. அந்தக் கூத்தின் பின்கட்டில் நான் இருந்திருக்கிறேன். ஆசிரியர்களைத்தானே வாக்குச்சாவடி வேலைக்குக் கூப்பிடுவார்கள். 2008 மார்ச்சில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். 1974 முதல் தொகுதியை வைத்திருந்தவர், மந்திரி, கட்சித் தலைவர், டத்தோஸ்ரீ சாமிவேலு. எதிரே 1999இலும் 2004இலும் நின்று தோற்ற டாக்டர் ஜெயகுமார். சாயங்காலம் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு எண்ணத் தொடங்கினோம். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்ட வேண்டும், இரு தரப்பு ஏஜண்டும் பார்க்க வேண்டும். ஒரு சீட்டில் பெருக்கல் குறி கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டியிருந்தது. அதற்கே கால் மணி நேரம் வாக்குவாதம். கொசுக்கடி வேறு. எங்கள் அறையில் தோற்ற தரப்பின் ஏஜண்ட் ஒரு பெரியவர், பாத்தேக் சட்டை போட்டிருந்தார். கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். முகம் செத்துப் போயிருந்தது. அப்புறம் என் பேனாவையே வாங்கி, முடிவு எழுதிய பாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நகலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கறிபாப்பைப் பேரனுக்கு என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

தோற்றவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், ராத்திரி யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், அடுத்த முறை மறுபடியும் நிற்கலாம். நான் நம்புகிற ஜனநாயகம் இவ்வளவுதான். 2008இல் ஜெயித்த டாக்டர் ஜெயகுமாரே 2018இல் தோற்றார், அதற்கும் யாரோ ஒருவர் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். 2021 ஜனவரி 6ஆம் தேதி வாஷிங்டனில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்களே, அவர்களுக்குப் பிடிக்காமல் போனது இந்தக் கையெழுத்துதான்.

ஆனால் இது ஐந்து வருடத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் நமக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் ஓட்டை என்று நான் நினைக்கிறேன். ஜார்ஜ்டவுனில் 1951லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. சுதந்திரத்துக்கு முன்பே! 1965இல் இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அப்போது அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் அந்த ஆணையம், தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் சட்டமே போட்டு முடித்துவிட்டார்கள். இன்றைக்கு நம் பகுதிக் கவுன்சிலரை மாநில அரசு நியமிக்கிறது, பெரும்பாலும் கட்சிக்காரராகப் பார்த்து. நம் தெருவில் அவர் பெயர் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று நினைக்கிறாய்?

இதனால் என்ன ஆகிறது பார். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் நாம் எம்பியைத் தேடிப் போகிறோம். அவர் சட்டம் செய்வதை விட்டுவிட்டு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார். சாக்கடைப் பேச்சுக்கு இடமில்லாத அரசியலில் எளிதாக விலை போவது இனமும் மதமும்தான். நம் தெருவில் மழைத்தண்ணீர் ஏறினால் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வீட்டிலும் ஏறுகிறது, மூலை வீட்டுச் சீனர் அங்கிள் லிம் வீட்டிலும் ஏறுகிறது. அதைப் பற்றி மூன்று வீட்டாரும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சரியில்லை என்றால் அடுத்த முறை மாற்றிப் பழகியிருந்தால், பெரிய தேர்தலில் மேடையேறி நம்மைப் பிரித்துப் பேசுகிறவனுக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்காது. 2018இல் ஊராட்சித் தேர்தல் பேச்சு மறுபடி எழுந்தபோது, இனப் பிரச்சினை வரும் என்று சொல்லி அன்றைய பிரதமர் மகாதீர் வேண்டாம் என்றுவிட்டார். பட்டணங்களில் சீனர்களே ஜெயிப்பார்கள் என்ற பயம் மலாய்க்காரர்கள் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், நமக்கும் நம் பயங்கள் உண்டு. ஆனால் பயத்தை ஐம்பது வருடமாகப் பெட்டியில் பூட்டி வைத்ததில் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு, 35 முதல் 70 வயது, இத்தனையும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். நம் தாத்தாவை அந்தக் குடத்தின் பக்கமே விட்டிருக்கமாட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்னொரு விதி: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் மறுபடி வர முடியாது. அதை மட்டும் இங்கே கொண்டுவந்தால் பாதி மேடை காலியாகிவிடும். சீட்டுக் குலுக்கலும் பழங்கதை இல்லை. அயர்லாந்தில் 2016இல் சாதாரண ஜனங்கள் 99 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டம் போன்ற கட்சிகள் தொடப் பயந்த விஷயங்களைப் பேச விட்டார்கள். அவர்கள் கேட்டு, விவாதித்து, பரிந்துரை கொடுத்த பிறகுதான் 2018இல் நாடே ஓட்டுப் போட்டு முடிவு செய்தது. நம் ஊரில் தண்ணீர், குப்பை, பழைய தோட்ட நிலம், இதற்கெல்லாம் அப்படி நாற்பது பேரை உட்கார வைத்தால் என்ன கெட்டுப் போகும்?

ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்லாதே. 2019இல் 18 வயதுக்கு ஓட்டு என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், எதிர்த்து ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதிலும் ஓட்டை இருக்கிறது: கட்சி விட்டு ஓடுகிற எம்பி பதவி இழப்பார், ஆனால் கட்சியே மொத்தமாகக் கூட்டணி மாறினால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் 2020இல் நம்மை ஏமாற்றிய வழியில் பாதியை அடைத்தது யாராவது கெட்டிக்கார ஆளா? ஆத்திரப்பட்ட ஜனங்கள் விடாமல் கேட்டதால் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. மெதுவாக வருவதில் உனக்கு எரிச்சல், எனக்கும்தான்.

நீ இருக்கிற நாட்டில் குடிமகன் ஓட்டுப் போடாவிட்டால் 20 டாலர் அபராதம் என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். அங்கே உனக்கு ஓட்டு இல்லை. இங்கே இருக்கிறது, நீ வேண்டாம் என்கிறாய். அடுத்த தேர்தல் அறிவித்தவுடன் தபால் ஓட்டுக்குப் பதிந்துவிடு. கடைசி நாள்வரை காத்திருக்காதே, போன முறை பல பேருக்குச் சீட்டு வந்து சேர்வதற்குள் தேர்தலே முடிந்துவிட்டது. யாருக்குப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். அப்பா சொல்வார், கேட்காதே.

உன் பதிலையும் எழுத்திலேயே அனுப்பு. அந்த நேர்மையான கெட்டிக்கார ஆள் யார் என்று பெயரோடு எழுது. அவருக்கு அடுத்து வருகிறவரின் பெயரையும் எழுது.

கறிவேப்பிலைப் பொடி அனுப்பியிருக்கிறேன். போன தடவைபோல் பாக்கெட்டை ஏர்போர்ட்டில் பிரித்தால் கோபப்படாதே.

அன்புடன்,
அம்மா