அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள்: கொழும்புப் பாமசிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாமசி உரிமையாளர்களுக்கும் கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். காலி வீதியில் மருந்து வாங்கப் போகும்போதெல்லாம், மீனெண்ணெய்க் குளிசைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை கண்ணில் படுகிறது: 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்'. மழை தொடங்கி, டெங்கு, காய்ச்சல் என்று சனம் பயந்திருக்கும் நாட்களில் அது காசு வாங்கும் இடத்துக்கே வந்துவிடும். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

மீனெண்ணெய் வெறும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அது வேலை செய்கிறது, நீங்கள் எழுதி வைத்ததற்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கமாக. நாம் சாப்பிடும் கொழுப்பு வெண்குழியங்களின் மென்சவ்வில் போய்ச் சேரும். அங்கே வழக்கமாக இருப்பது அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். கிருமி வந்தால் கலம் அதை எடுத்துப் புரோஸ்டாகிளாண்டின், லியூகோட்ரையீன் என்ற சமிக்ஞைப் பொருட்களைச் செய்து வீக்கத்தை, அதாவது அழற்சியை, கிளப்பிவிடும். மீனெண்ணெயில் இருக்கும் ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் அந்த இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால் மூலப்பொருள் குறைகிறது. ஈபிஏயிலிருந்து வரும் லியூகோட்ரையீனும் வீரியம் குறைந்தது. அப்புறம், அழற்சியை முடித்துவைக்கும் ரிசோல்வின்களும் இவற்றிலிருந்தே உண்டாகின்றன.

1989இல் வெளியான ஓர் ஆய்வில், சுகதேகிகள் 9 பேர் 6 வாரம் மீனெண்ணெய் எடுத்தார்கள். அவர்களுடைய வெண்குழியங்கள் சுரக்கும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதம் 43 சதவீதம் குறைந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி: நிறுத்தி 10 வாரம் கழித்துப் பார்த்தபோது அது இன்னும் கீழே போயிருந்தது. பழைய நிலைக்குத் திரும்பியிருந்ததைக் கண்டது 20ஆவது வாரத்தில்தான்.

முடக்குவாதக்காரருக்கு மூட்டு நோவு கொஞ்சம் தணிவது, அழற்சியை அடக்கும் இந்தக் குணத்தால்தான். மீனெண்ணெய் நிறையக் கொடுத்த சுண்டெலிகள் லிஸ்டீரியா கிருமியோடு போராட முடியாமல் திணறியதற்கும் இதே குணத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். சுண்டெலியைக் காட்டி மனிதரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் 'சக்தி கூட்டும்' என்று எழுதவும் முடியாது.

அளவையும் பாருங்கள். அந்த 9 பேரும் நாளுக்கு 18 கிராம் எண்ணெய் எடுத்தார்கள். அதில் ஈபிஏயும் டிஎச்ஏயும் சேர்ந்து சுமார் 4.6 கிராம். நீங்கள் விற்கும் 1000 மில்லிகிராம் குளிசையில் பெரும்பாலும் இவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். நாளுக்கு 15 குளிசை விழுங்கினால்தான் கணக்குச் சரிவரும்! யாரும் விழுங்க வேண்டாம். சாளையும் கும்பிளாவும் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சமைக்கிற வீட்டுக்கு அந்த ஒற்றைக் குளிசை பெரிதாக எதையும் செய்துவிடாது.

சரி, அட்டையில் வேறென்ன எழுதலாம்? ஒரு குளிசையில் ஈபிஏ எவ்வளவு, டிஎச்ஏ எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுக்கிறவர் வந்தால், டொக்டரிடம் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொட் மீன் ஈரல் எண்ணெயை மீனெண்ணெயோடு ஒன்றாகக் கலந்து அடுக்காதீர்கள். அதில் விற்றமின் ஏ இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அது கூடினால் ஆபத்து.

இன்னொன்று, காலி வீதியின் தரைப்பக்கக் கடைக்காரருக்கு மட்டும். பின்னேர வெயில் உங்கள் முன்கண்ணாடியில்தான் விழுகிறது. இந்த எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் காறிப்போகும். போத்தல்களை உள் அலுமாரிக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்