வண்ணம் வேண்டாம், கதை முழுதாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் கறுப்பு வெள்ளைக் கதைகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், வண்ணமேற்றிச் சுருக்கிய வடிவமே அவர்களுக்குப் போதும் என்று அதில் இருந்தது. அந்தத் தொடரின் வில்லன்களான டாலெக்குகள் வரும், ஏழு பகுதிகள் கொண்ட முதல் கதையை 2023இல் பிபிசி வண்ணமாக்கி 75 நிமிடங்களுக்குள் அடக்கியது உண்மைதான். ஆனால் பிள்ளைகளைப் பற்றிய அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் என் பத்து வயது மகளோடு அதே தொடரின் ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையை மறுபடி பார்த்தேன். 1967 செப்டம்பரில் நான்கு வாரம் ஒளிபரப்பான கதை. டெலோஸ் என்ற கோளில் உறைந்து கிடக்கும் சைபர்மென்களின் கல்லறையைத் தோண்ட ஒரு தொல்லியல் குழு போகிறது. உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரமாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் உணர்ச்சியையும் இழந்துவிட்டவர்கள் சைபர்மென்கள். அவர்களைக் கற்பனை செய்தவர்களில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். அந்தப் பயம் அவருக்கு ஆய்வுக்கூடத்திலேயே வந்திருக்க வேண்டும்.

தேன்கூடு மாதிரி அடுக்கடுக்கான அறைகள். பனி உருகுகிறது. மெல்லிய தாளைக் கிழித்துக்கொண்டு வெள்ளி உருவங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. மகள் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அந்தக் காட்சியின் பலமே இருட்டுதான். வண்ணம் ஏற்றினால் அறையின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிடும், பயம் போய்விடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒருவரைத் தூக்கி வீசும் இடத்தில் அவரைக் கட்டியிருக்கும் கம்பி தெரிகிறது. அதைவிட, ராய் ஸ்டூவர்ட் நடித்த டோபர்மேன் என்ற கறுப்பினப் பாத்திரத்தை வாய் பேசாத பணியாள்போலவே வைத்திருப்பது இன்று பார்க்க வருத்தமாக இருக்கிறது. கடைசியில் கதவைச் சாத்தி உயிரை விடுபவரும் அவர்தான். ஏன் அப்படி எழுதினார்கள் என்று மகள் கேட்டாள். அதைப் பற்றி வெகுநேரம் பேசினோம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாம் பகுதியில் வரும் ஒரு சின்ன உரையாடலைப் பற்றி. முந்தைய கதையில் தந்தையைப் பறிகொடுத்து, தொடரின் நாயகன் டாக்டரோடு பயணம் செய்யும் விக்டோரியா இரவுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். தூங்கி எழுந்த டாக்டர் அவளிடம் மெதுவாகப் பேசுகிறார். தன் குடும்பத்தாரை நினைக்க வேண்டும் என்று மனம் வைத்தால் கண்முன் கொண்டுவர முடியும், மற்ற நேரம் அவர்கள் தன் மனதுக்குள் தூங்குகிறார்கள் என்கிறார். டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரவுட்டன் அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. கதை நகர்வதற்கு அந்தக் காட்சி தேவையில்லை. சுருக்குபவர் கத்தரியை எடுத்தால் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும். என் அப்பா போன தை மாதம் காலமானார். மகள் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

அந்தக் காட்சி இன்று நம்மிடம் இருப்பதே பெரிய அதிர்ஷ்டம். பழைய ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. வெளிநாடுகளுக்கு விற்ற 16 மி.மீ. படச்சுருள் பிரதிகளில் ஒன்று ஹாங்காங்கில் பத்திரமாக இருந்து, நான்கு பகுதிகளும் 1990களின் தொடக்கத்தில் பிபிசிக்குத் திரும்பின. ட்ரவுட்டன் 1987லேயே இறந்துவிட்டார், அதனால் அவரால் பார்க்க முடியவில்லை. அந்தத் தொடரில் 90க்கு மேற்பட்ட பகுதிகள் இன்னும் கிடைக்காமலே இருக்கின்றன.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை நாமே வெட்டிக் கொடுக்க வேண்டுமா? அடுத்த முறை இத்தகைய தொடர்களைப் பரிந்துரைக்கும்போது, முழுமையான கறுப்பு வெள்ளை வடிவத்தையும் குறிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், நாளுக்கு ஒரு பகுதி என்று நான்கு இரவு பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். இரண்டாம் பகுதி முடிந்த இரவு மட்டும் மகள் எங்கள் அறையில் வந்து படுத்துக்கொண்டாள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி.