நெஞ்சில் நீர்: என்ன நீர் என்றும் எழுதுங்கள்

திருகோணமலை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும் வைத்தியசாலைகளின் பொறுப்பு வைத்தியர்களுக்கும்,

வணக்கம். ஸ்கேன் அறையில் நீண்டகாலம் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் யாருக்காவது மூச்சு முட்டினால், ரிப்போர்ட்டை இன்றைக்கும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பெரும்பாலான துண்டுகளில் ஒரே வரிதான் இருக்கிறது: வலப்பக்க நெஞ்சில் நீர் உண்டு. எவ்வளவு, தெளிந்ததா கலங்கியதா, நுரையீரலின் உறை தடித்திருக்கிறதா, ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரியை வைத்து வாட்டில் இருப்பவர் என்ன செய்வது? 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். டெங்கில் இரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர் அநேகமாக வலப்பக்க நெஞ்சில்தான் முதலில் தெரியும். கூடவே பித்தப்பைச் சுவர் தடித்து, வயிற்றிலும் நீர் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று உசாராகலாம். அந்த நீரை ஊசி குத்தி எடுக்கப் போனால் இரத்தம் பெருகி ஆபத்தாகலாம். அதே வலப்பக்கத்தில் இருப்பது சீழ் என்றால் நிலைமை தலைகீழ். குழாய் போட்டு வடிக்காமல் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் ஆள் தேறமாட்டார்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. நின்றபடி எடுக்கும் படத்தில் நெஞ்சின் கீழ்மூலை மழுங்கித் தெரிய ஏறக்குறைய 200 மில்லிலீட்டர் நீர் சேர வேண்டும். படுத்தபடி எடுத்தால் இன்னும் ஏமாற்றும். அந்த 200 மில்லிலீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீரையே ஒலியலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும்.

ஸ்கேன் திரையில் அப்படி என்னதான் தெரிகிறது என்று இளம் வைத்தியர்கள் கேட்பதுண்டு. இதயம் பலவீனப்பட்டு ஊறும் நீர் மைக்கறுப்பாக இருக்கும், அநேகமாக இரண்டு பக்கமும். அதற்குள் சுருங்கிய நுரையீரலின் நுனி மூச்சுக்கு மூச்சு அசைவது தெளிவாகத் தெரியும். கிருமி உறையைப் புண்ணாக்கி வந்த நீர் என்றால், உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நார்கள் ஓடி நீரை அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கும். சீழில் பொடிப்பொடியான புள்ளிகள் மிதந்து சுழலும். புற்றுநோய் என்றால் உதரவிதானத்தின் மேல் முடிச்சுகள் தெரியலாம். உறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

நார் இருந்தால் இதய நீராக இருப்பது அரிது. ஆனால் கறுப்பாகத் தெரிவதெல்லாம் இதய நீர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காசநோயின் நீரும் கறுப்பாகவே தெரியலாம். சி.ரி. ஸ்கேன் நீரின் அடர்த்தியை எண்ணாகத் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அந்த அலகில் 35இற்கு மேல் போனால் இரத்தமா என்று பார்க்கலாம். இதய நீருக்கும் உறை புண்ணாகி வந்த நீருக்கும் எண்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதால் அந்த எண்ணை நம்பிப் பிரிக்க முடியாது. அதற்கு 1972இல் வைத்தியர் லைட் வகுத்த அளவுகோல்தான் இன்றும் கைகொடுக்கிறது: நீரிலுள்ள புரதம் இரத்தத்தின் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால், அல்லது எல்.டி.எச். என்ற நொதியின் அளவு உரிய வரம்பைத் தாண்டினால், அது உறை புண்ணாகி வந்த நீர். ஆகவே பலருக்கு ஊசி தேவைப்படத்தான் செய்யும். யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு அவசரமாக என்பதைப் படம் சொல்லட்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. ரிப்போர்ட் படிவத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு, நிறம், நார், உறையின் தடிப்பு என்று ஐந்து இடம் விடுங்கள். ஸ்கேன் கருவி இருக்கும் இடத்தில், அதில் பார்க்காமல் நெஞ்சில் ஊசி குத்த வேண்டாம் என்று எழுத்தில் அறிவியுங்கள். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ நோயாளியை மாற்றி அனுப்பும்போது, ஸ்கேனில் கண்டதை எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர்ப் பக்கத்துப் பயணம் சுலபமாகியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் வந்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினால் மூச்சுத் திணறுபவருக்கு அந்த நேரமும் நட்டம்தானே.

படிவத்தின் மாதிரியை நானே எழுதித் தருகிறேன். கூப்பிட்டால் எந்த வைத்தியசாலைக்கும் வந்து, புதிதாகச் சேர்ந்த வைத்தியர்களோடு கட்டிலருகே நின்று காட்டிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர்,
திருகோணமலை