கேட்டவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், பிராட்பேண்ட், டிவி இணைப்புக்கான ஒப்பந்தம் முடியும்போது நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேரம் பேசுங்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். யோசனை சரிதான். ஆனால் எப்படிப் பேசுவது என்று அவர் சொல்லவில்லை. பேச முடியாதவர்கள் கதி என்ன என்பதையும் சொல்லவில்லை. உறவினர்களுக்காகவும் அக்கம்பக்கத்தினருக்காகவும் இந்தப் பேச்சைப் பலமுறை பேசியிருக்கிறேன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேருபவருக்கு ஒரு குறைந்த விலை. அது 12, 18 அல்லது 24 மாதம் வரைதான். அந்தக் காலம் முடிந்த மறுநாள் கட்டணம் ஏறிவிடும். அதே கேபிள், அதே ரவுட்டர், அதே வேகம்; எதுவும் மாறியிருக்காது. பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுவதால் பலருக்குக் கட்டணம் ஏறியதே தெரிவதில்லை. ஆனால் ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் விளம்பரம், கமிஷன், வீட்டுக்கு வந்து இணைப்பவரின் கூலி, புது ரவுட்டர் என்று நிறையச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இருப்பவருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துத் தக்கவைப்பது அதைவிட மலிவு. பேரத்தில் நம் பலம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கஸ்டமர் கேரில் முதலில் போனை எடுப்பவருக்குப் பெரும்பாலும் விலையைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. அவரிடம் வாதாடிப் பயனில்லை. "இணைப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்று சொன்னால், விலகப் போகிறவர்களைத் தக்கவைப்பதற்கென்றே இருக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். தள்ளுபடி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே வெறுங்கையோடு போகக் கூடாது. ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, இப்போது மாதம் எவ்வளவு கட்டுகிறோம், இதே நிறுவனம் புதியவர்களுக்கு என்ன விலை விளம்பரம் செய்கிறது, நம் முகவரிக்கு வேறு யார் என்ன விலையில் தருகிறார்கள் என்பதெல்லாம் எழுதிக் கையில் இருக்க வேண்டும். "பார்த்துக் குறைச்சுக் கொடுங்க" என்றால் பேருக்கு ஏதோ குறைப்பார்கள். "இன்ன நிறுவனம் இன்ன வேகத்தை இன்ன விலைக்குத் தருகிறது, உங்களால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். முதலில் சொல்லும் விலையே கடைசி விலையாக இருப்பது அபூர்வம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிடலாம், தப்பே இல்லை. மறுமுனையில் இருப்பவரிடம் மட்டும் குரலை உயர்த்தாதீர்கள். திரையில் தெரிகிற சலுகையைச் சொல்லும் சம்பளக்காரர் அவர். விலையை வகுத்தவர் அவரல்ல.

இன்னொன்று. விலகுகிறேன் என்று மிரட்டலுக்காக மட்டும் சொல்லக் கூடாது. அவர்கள் "சரி, துண்டித்துவிடுகிறோம்" என்றால் போவதற்கு இடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் மிச்ச மாதங்களுக்கான தொகையை நிறுவனம் நம்மிடம் கேட்கக்கூடும். நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்துகிறவர்கள் அதை இழக்கவும் நேரலாம். வங்கிக்கும் மற்ற கணக்குகளுக்கும் அந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறோமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் அதிகம் ஒழுகுகிற இடம் டிவி பேக்கேஜ்தான். நூற்றுக்கணக்கான சேனல்கள் வருகின்றன. வீட்டில் பார்ப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். விளையாட்டுக்காக வாங்கிய சேனல் அந்தப் போட்டித் தொடர் முடிந்த பிறகும் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டே இருக்கும். போன் பேசுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். "இந்தச் சேனல்களை எடுத்துவிடுங்கள், விலை என்ன ஆகும்?" என்பது தள்ளுபடி கேட்பதைவிட வலுவான கேள்வி. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2019-இல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச சில்லறை விலையை அறிவித்தாக வேண்டும். வேண்டியதை மட்டும் தனித்தனியாகவும் வாங்கலாம். இந்த உரிமை இருப்பது தெரியாமல், கொடுத்த பேக்கேஜை அப்படியே ஏற்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேகத்திலும் இதே கதைதான். விலை குறைக்கக் கேட்டால், "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மடங்கு வேகம்" என்பார்கள். மிகத் துல்லியமான 4கே படம் ஒன்று ஓட 25 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) தாராளம், முழு எச்.டி.க்கு 5 எம்பிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தால் தேவை தெரிந்துவிடும். படம் திணறுகிறது என்றால் பல வீடுகளில் குற்றவாளி இணைப்பு அல்ல, மூலையில் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டர். கணினியை ரவுட்டரோடு கேபிளில் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அங்கே சரியாக இருந்தால் சிக்கல் வைஃபையில். அதிக வேகத்துக்குக் கொடுக்கும் பணம் அதைத் தீர்க்காது.

பேசி முடித்த பிறகும் கவனம் வேண்டும். "சேனல் இலவசம்" என்றால் எத்தனை மாதத்துக்கு? ஒப்பந்தம் இன்றிலிருந்து மீண்டும் 24 மாதமா? இடையில் கட்டணம் ஏறுமா? மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்தத் தொகையை, இணைப்புக் கட்டணம், ரவுட்டர் வாடகை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்தது வேறு என்ற சண்டையை எழுத்து ஒன்றுதான் தீர்த்துவைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது. போனில் வரும் பதிவுக்குரல் எந்த எண்ணை அழுத்தச் சொல்கிறது என்பதே அவருக்குப் பிடிபடாது. பல வருடங்களாக ஒரே நிறுவனம். ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. அவர் கட்டிவந்த தொகை, அதே இணைப்புக்குப் புதியவர்கள் கட்டுவதைவிட மிக அதிகம். நான் பேசிக் குறைத்துக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "இவ்வளவுக்குக் கொடுக்க முடியும் என்றால், இத்தனை நாள் ஏன் அவ்வளவு வாங்கினார்கள்?" என்னிடம் பதில் இல்லை. நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2018 செப்டம்பரில் இதே கேள்வியை, சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் ஆணையத்திடம் முறையீடாகவே கொண்டுபோனது. பிராட்பேண்ட், மொபைல், வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து துறைகளில், நிறுவனத்தை மாற்றாமல் இருப்பவர்கள் ஆண்டுக்கு 400 கோடி பவுண்டுக்கும் மேல் கூடுதலாகக் கட்டுவதாக அது கணக்கிட்டது. அதன் பிறகு வீடு, வாகனக் காப்பீட்டில் புதுப்பிப்பவரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்ற விதியே 2022 ஜனவரி 1 முதல் அங்கு வந்துவிட்டது. பிராட்பேண்டுக்கு அந்த விதி வரவில்லை. ஒப்பந்தம் முடிவதற்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதில் புதியவர்களுக்கான விலையையும் காட்ட வேண்டும் என்று 2020 பிப்ரவரி முதல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கட்டாயமாக்கியதோடு சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒப்பந்தம் முடிவதையும் மிகச் சாதகமான கட்டணத்தையும் முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்கிறது.

அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அதைப் படித்து, புரிந்துகொண்டு, போன் செய்து, காத்திருந்து, வாதாட வேண்டிய வேலை வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது. முதியவர்கள், நோயாளிகள், மொழி தெரியாதவர்கள், இரண்டு வேலை பார்த்து நேரமில்லாமல் ஓடுகிறவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். நாம் பேசி வாங்குகிற தள்ளுபடியின் பாரத்தில் ஒரு பகுதி அவர்கள் பில்லில்தான் ஏறுகிறது என்பது என் எண்ணம். ஒரே ஒரு நிறுவனத்தின் கேபிள் மட்டும் வரும் பகுதியில் வசிப்பவர்களுக்கோ பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போகிறேன் என்று சொல்ல அவர்களுக்கு வேறு வாசல் கிடையாது. காப்பீட்டில் முடிந்த விதி இணைய இணைப்பில் ஏன் முடியாது? ஒப்பந்தம் முடிந்தவருக்கும் புதியவருக்கும் ஒரே விலை என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் எல்லா நாட்டிலும் ஆணையிட வேண்டும்.

அது வரும்வரை தங்கள் இதழும் ஒன்று செய்யலாம். தாங்கள் வெளியிடும் பிராட்பேண்ட், டிவி விளம்பரங்களில் அறிமுக விலை பெரிய எழுத்திலும், அதற்குப் பிந்தைய விலை அடியில் பொடி எழுத்திலும் வருகின்றன. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போட்டால்தான் விளம்பரத்தை ஏற்போம் என்று அந்த நிறுவனங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி