பிடிக்கும் பாம்பின் இரத்தத்தைச் சோதித்துவிட்டு விடுங்கள்

வனவிலங்குகளையும் பூச்சி ஒழிப்பையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் கால்வாயில் கிடந்த நாகத்தைப் பற்றி நான் போனில் சொன்னது உங்கள் பதிவில் இருக்கும். முழுக்கதையும் மறுபடி வேண்டாம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். நஞ்சு துப்பும் நாகம் அது. கிட்டே போனாலே படமெடுத்துக் கண்ணைக் குறிவைக்கும். அன்றைக்கு அதனால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை, உடம்பு விட்டுவிட்டு நடுங்கியது, வாய் மூடவே இல்லை. ஆள் வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரை பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட நின்ற துப்புரவு ஊழியர், திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி, "அக்கா, எங்க ஊர்ல வயலுக்கு மருந்தடிச்சா மறுநாள் வரப்போரம் பாம்பு இப்படித்தான் கெடக்கும்" என்றார்.

அப்புறம் விசாரித்தேன். பாம்பு இறந்துவிட்டதாம், சோதனை எதுவும் செய்யவில்லையாம். பாம்பு கிடந்ததற்கு மூன்று நாளுக்கு முன்புதான் அங்கே கொசுவுக்குப் புகையடித்திருந்தார்கள். எலிமருந்துப் பெட்டி பத்தடி தள்ளி இருக்கிறது. இவைதான் கொன்றன என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே பையில் கட்டிப் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும், வால் இரத்தக்குழாயில் எடுக்கும் கொஞ்சம் இரத்தத்திலேயே அந்தக் குறைவு தெரியும். புகையடிப்பில் அதிகம் பயன்படும் பைரித்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிமருந்து இந்தச் சோதனையில் சிக்காது, அந்த எச்சத்தைத் தனியாகத் தேட வேண்டும். புரோடிஃபகூம் போன்ற எலிமருந்து இரத்தத்தை உறையவிடாது, கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். மருந்து தின்ற எலியைத்தானே நாகம் தின்கிறது? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2020-ல் வெளியான ஆய்வில், சோதித்த டுகைட் என்ற நச்சுப்பாம்புகளில் 91 விழுக்காட்டில் எலிமருந்து எச்சம் இருந்தது. அங்கே தேடினார்கள், அதனால் கிடைத்தது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நலமாக இருக்கும் நாகத்தின் இரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், நோயுற்றதன் அளவு குறைவா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் நலமான பாம்பின் இரத்தத்தையும் கேட்கிறேன். குடியிருப்புகளில் பிடிக்கும் ஒவ்வொரு நச்சுப்பாம்பையும் காட்டில் விடுவதற்கு முன் கொஞ்சம் இரத்தம் எடுத்துவிட்டு விடுங்கள்.

டெங்கி எங்களுக்கும் பயம்தான், என் தங்கை மகன் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். ஆனால் பூந்தொட்டித் தண்ணீரைக் கொட்டாமல் வாரந்தவறாமல் புகையடித்தால், பறக்கும் கொசு சாகும், தண்ணீரில் இருக்கும் புழு அப்படியே இருக்கும். சன்னலைச் சாத்தச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் வருகிறது. கால்வாயில் இருப்பவற்றுக்கு யார் சொல்வது? இதை எத்தனை கூட்டத்தில் பேசிவிட்டோம், ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டோம் என்கிறீர்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது இவ்வளவுதான்: உயிரோடு பிடித்தால் இரத்தம், இறந்திருந்தால் கல்லீரல். எடுத்துச் சோதியுங்கள். அந்த இடத்தில் கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் முடிவோடு சேர்த்து எங்களுக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து அடுத்த பாம்பிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கால்வாய்க்குப் பக்கத்துப் புளோக்கில் குடியிருக்கும் ஒருத்தி