பூஷஹர் கருவூலத்தின் 15,000 ரூபாய்

மதுரை

அன்புள்ள ராஜேந்திரன்,

உன் கடிதம் கிடைத்தது. சுமதியின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறோம், கவலைப்பட ஒன்றுமில்லை. பெரியவளுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. அவளும் பேரனும் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மாலை நேரம் முழுக்கப் படிப்பில்தான் போகிறது.

நீ குவைத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு பக்கம் இராக், இன்னொரு பக்கம் சவூதி, நடுவில் இந்தத் துண்டு நிலம் மட்டும் எப்படித் தனி நாடாக நின்றது என்று உங்கள் அறையில் வாக்குவாதம் வந்ததாக எழுதியிருந்தாய். எண்ணெய்தான் காரணம் என்று உன் நண்பர் சொன்னது சரியில்லை. அங்கே எண்ணெய் கிடைத்தது 1938-ல். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் முன்பே விஷயம் முடிவாகிவிட்டது. அதை முடித்த காகிதங்களில் பாதி நம் ஊர்க் காகிதங்கள்.

அந்தக் காலத்தில் பாரசீக வளைகுடாவில் பிரிட்டனின் பிரதிநிதி இருந்த இடம் ஈரான் கரையிலுள்ள பூஷஹர். ரெசிடெண்ட் என்று பெயர். அவர் லண்டனுக்கு நேரடியாகப் பதில் சொல்பவர் அல்ல, கல்கத்தாவில் இருந்த இந்திய அரசின் ஆள். எழுதுவது வைஸ்ராயின் அலுவலகத்துக்கு, செலவுக்குப் பெரும்பகுதி இந்திய வரிப்பணம். 1820-லிருந்து அரபுக் கரையின் ஷேக்குகளோடு ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் போட்டு, 1892 வாக்கில் அவர்களில் பெரும்பாலோரை வேறு எந்த நாட்டோடும் பேசக்கூடாது என்று கட்டிவைத்திருந்தார்கள். குவைத் மட்டும் அந்தக் கட்டுக்கு வெளியே. பெயரளவில் அது துருக்கியரின் உஸ்மானியப் பேரரசில், இன்றைய இராக்கிலுள்ள பஸ்ரா மாகாணத்தோடு சேர்ந்தது.

1896-ல் ஷேக் முபாரக் தன் இரண்டு சகோதரர்களைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்தார். குவைத்தில் அவரை முபாரக் பெரியவர் என்று போற்றுவார்கள் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தொடக்கத்தையும் மறக்காமல்தான் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் பஸ்ராவுக்குப் போய்த் துருக்கியரிடம் நியாயம் கேட்டார்கள். முபாரக்குக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அடுத்த வருடமே பிரிட்டிஷாரிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் பிடிகொடுக்கவில்லை. துருக்கியோடு வீண் சண்டை எதற்கு என்பது லண்டனின் எண்ணம்.

பிறகு மாறினார்கள். காரணம் ரயில். 1898-ல் கப்னிஸ்ட் என்ற ரஷ்யப் பிரபு மத்தியதரைக் கடல் கரையிலிருந்து குவைத் வரை பாதை போட அனுமதி கேட்டார். ஜெர்மானியர்களின் பாக்தாத் ரயில் திட்டமும் உருவாகிக்கொண்டிருந்தது. குவைத் விரிகுடா போல ஆழமான, காற்றுக்கு ஒதுங்கிய துறைமுகம் அந்தக் கடலின் தலைப்பக்கத்தில் வேறு இல்லை. அங்கே இன்னொரு வல்லரசின் தண்டவாளம் வந்து முடிந்தால், அதன் பின்னாலேயே நிலக்கரிக் கிடங்கும் போர்க்கப்பலும் வரும். இந்தியாவுக்குப் போகும் கடல்வழியின் பக்கவாட்டில் எதிரி உட்கார்ந்துவிடுவான். அப்போதுதான் வைஸ்ராயாகப் பொறுப்பேற்றிருந்த கர்சனுக்கு இந்தப் பயம் ரொம்ப அதிகம்.

1899 ஜனவரி 23 அன்று ரெசிடெண்ட் கர்னல் மீட் முபாரக்கிடம் கையெழுத்து வாங்கினார். பிரிட்டிஷ் அரசின் சம்மதம் இல்லாமல் முபாரக்கோ அவர் வாரிசுகளோ எந்த நாட்டுக்கும் நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, அடகு வைக்கவோ கூடாது. எந்த நாட்டுப் பிரதிநிதியையும் ஏற்கக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது என்பதும் நிபந்தனை. பதிலுக்கு நல்லெண்ணம் காட்டுவதாக ஒரு கடிதம், பூஷஹர் கருவூலத்திலிருந்து 15,000 ரூபாய்.

ரூபாய், ராஜேந்திரா! அதே 1899-ல் மழை பொய்த்து மேற்கு இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் பெரும் பஞ்சம் வந்தது. 15,000 ரூபாயைக் கொண்டு அதைத் தடுத்திருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடலில் தூதரகம், உளவு, மாதக்கணக்காக நின்ற கப்பல்கள் என்று ஆன செலவில் பெரும்பகுதியைக் கட்டியவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்துக் குளித்துப் பிழைத்த குவைத் மக்களையும் யாரும் கேட்கவில்லை. படித்ததிலிருந்து என் மனதை அறுப்பது இதுதான்.

குவைத்தில் ரகசியமாக நடந்த வேலை இன்றைய ஓமானின் தலைநகரான மஸ்கட்டில் பகிரங்கமாக நடந்தது. 1862-ல் பிரிட்டனும் பிரான்சும் மஸ்கட் சுல்தானின் சுதந்திரத்தை இருவரும் மதிப்போம் என்று சேர்ந்து அறிவித்திருந்தார்கள். அதை நம்பி சுல்தான் பைசல் 1898-ல் பந்தர் ஜிஸ்ஸா என்ற இடத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலக்கரி வைக்கக் கொடுத்தார். 1899 பிப்ரவரியில் அதே மீடும் ஓர் அட்மிரலும் போர்க்கப்பலோடு வந்து நின்றார்கள். ஊரின் மேல் குண்டு விழும் என்று மிரட்டி, சுல்தானைக் கப்பலுக்கே வரவழைத்து, கொடுத்ததை ரத்து செய்ய வைத்தார்கள். சுதந்திரத்தை மதிப்பதாகச் சொன்னவர்கள் செய்த காரியம்! பாரிஸில் கூச்சல் எழுந்தது. கடைசியில் பிரிட்டன் மஸ்கட்டிலிருந்த தன் நிலக்கரிக் கிடங்கில் ஒரு பங்கைக் கொடுத்துச் சமாதானம் செய்தது. ஓமானின் சூர் ஊர்ப் பாய்மரக் கப்பல்கள் பிரெஞ்சுக் கொடி பறக்கவிடலாமா என்ற தகராறு மட்டும் நீண்டுகொண்டே போய், 1905-ல் ஹேக் நடுவர் மன்றத்தில்தான் தீர்ந்தது.

குவைத்துக்கு வருகிறேன். 1900-ல் ஜெர்மன் தூதர் ஷ்டெம்ரிக் பாக்தாத் ரயிலுக்காக நிலம் கேட்டு முபாரக்கிடம் வந்தார். முபாரக் மறுத்துவிட்டார். ஏன் மறுக்கிறார் என்பது வந்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மறு வருடம் ஒரு துருக்கிக் கப்பல் படைவீரர்களோடு வந்தபோது ஒரு பிரிட்டிஷ் கப்பல் குறுக்கே நின்று அதைத் திருப்பி அனுப்பியது. ரஷ்யாவின் வர்யாக் என்ற போர்க்கப்பல் வந்து விருந்தினராக நின்றுவிட்டுப் போனது. முபாரக் எல்லோரையும் வரவேற்றார், பரிசு வாங்கினார், ஒருவர் வந்துபோன செய்தியை இன்னொருவருக்கு எட்டும்படி பார்த்துக்கொண்டார். பின்னால் சவூதியை உருவாக்கிய இப்னு சவூத் நாடிழந்த குடும்பத்துப் பிள்ளையாக வளர்ந்ததும் இவருடைய நிழலில்தான். அந்தத் திறமையை மதிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

1903 மே மாதம் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபு பிரிட்டிஷ் மேல்சபையில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: வளைகுடாவில் வேறு எந்த நாடு கடற்படைத் தளம் அமைத்தாலும் எங்களால் முடிந்த எல்லா வழியிலும் எதிர்ப்போம் என்று. நவம்பரில் கர்சன் கப்பல் அணியோடு புறப்பட்டார். ஷார்ஜாவுக்கு எதிரே கப்பல் மேல்தளத்திலேயே தர்பார் நடத்தி, சண்டை நடந்த இடத்தில் நாங்கள்தான் ஒழுங்கைக் கொண்டுவந்தோம் என்று ஷேக்குகளிடம் பேசினார். கடற்சண்டைகள் குறைந்து முத்துக் குளிப்புக்கு அமைதி கிடைத்தது உண்மைதான். ஆனால் 1819-ல் அதே கரையிலுள்ள ராஸ் அல் கைமா என்ற ஊரைத் தாக்கிப் பிடித்த பிறகு வந்த அமைதி அது. தாக்கப் போன படையிலும் பம்பாய்ச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

முபாரக்கின் கணக்குக்கும் ஓர் எல்லை இருந்தது. 1913-ல் லண்டனும் துருக்கியும் தங்களுக்குள் பேசி, குவைத் உஸ்மானியப் பேரரசுக்குள் தன்னாட்சி உள்ள பகுதி என்று எழுதிக்கொண்டன. அவரைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. முடித்த பிறகுதான் சொன்னார்கள். முதல் உலகப் போர் வந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் 1961-லும் 1990-லும் குவைத் எங்களுடையது என்று பாக்தாத் சொன்னபோது, பஸ்ராவோடு சேர்ந்திருந்த அந்தப் பழைய உறவைத்தான் காட்டியது. 1990-ல் நீ அனுபவித்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மான் வரை லாரியில் போய் விமானத்துக்குக் காத்துக் கிடந்த கதையை நீ சொன்னதிலிருந்து அந்த வரைபடங்களை என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை.

1922-ல் இன்றைய சவூதிக் கரையிலுள்ள உக்கைர் என்ற இடத்தில் பெர்சி காக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு எல்லை பிரித்தபோதும் குவைத் ஷேக் அங்கே இல்லை. அவருக்காகப் பேச வேண்டிய பிரிட்டிஷ் ஏஜெண்ட் பேசாமல் இருந்தார். குவைத் தன்னுடையது என்று சொல்லிவந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்னு சவூதுக்குப் போனது. கோடு போட்ட அந்த காக்ஸும் பூஷஹரில் ரெசிடெண்டாக இருந்தவர்தான்.

அதனால் உன் நண்பரிடம் இப்படிச் சொல்: குவைத்தைத் தனியாக நிறுத்தியது ஒரு துறைமுகத்தின் ஆழம், நான்கு வல்லரசுகளின் பரஸ்பரப் பயம், அந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஒரு ஷேக். செலவில் பெரும்பங்கு இந்தியாவுடையது. 1914 நவம்பரில் ஷத் அல் அரபு ஆற்றின் முகத்துவாரத்தில் ஃபாவ் கோட்டையைப் பிடிக்க இறங்கியதும் இந்தியப் படைதான். அங்கிருந்து தொடங்கிய மெசபடோமியா (இன்றைய இராக்) போரில் நம் மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினரும் இருந்தார்கள். வளைகுடா என்றால் எழுபதுகளில் நம் ஆட்கள் வேலைக்குப் போனதிலிருந்துதான் உறவு என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன்னிடம் ஒரு வேலை. குவைத்தில் 1961-ல் தினார் வரும் வரை நம் ரூபாய்தான் செல்லுபடியானது. உன் முதலாளியின் அப்பா கோழிக்கோட்டுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தேக்கு ஏற்றிப்போன கப்பல்காரர் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெரியவரின் நினைவு இன்னும் தெளிவாக இருந்தால், பொழுது பார்த்து அந்த ரூபாய்க் காலத்தைப் பற்றிக் கேள். சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு, அரபுச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்திலேயே எழுது. டிசம்பரில் நீ வரும்போது இரண்டு நாளாவது மதுரையில் தங்குகிற மாதிரி டிக்கெட் போடு. சுமதி உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
முருகேசன்